டர்னிப் நொண்டாத வருடம்

டர்னிப் நொண்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரைக்கும் எங்கள் வட்டாரத்தில் குதிரை வைத்திருந்த ஒவ்வொருவரும் அவன் நொண்டுகிறான் என்றுதான் சொன்னார்கள். எந்தக் கால் என்பதில் மட்டும்தான் சண்டை. இத்தனை பேர் ஒரே விஷயத்தில் இவ்வளவு உறுதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அத்தனை பேரும் தப்பு.

என் பெயர் வென்டல். ஒஹாயோவின் கிழக்கு ஓரத்தில், பக்கத்துப் பக்கத்துப் பொருட்காட்சி மைதானங்களில் மாறி மாறி நடக்கும் குதிரைப் போட்டிகளுக்கு நான்தான் வாசல்காரன். ரிங்கின் வாசலில் வாக்கி டாக்கியோடு நின்று அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று கத்துவது என் வேலை. குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவேன். அந்த வேலைதான் எனக்குப் பிடிக்கும். பனி என்னிடம் வந்து, "என் முறையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா" என்று கேட்பதில்லை.

டர்னிப்பின் சொந்தக்காரி ஆர்லீன் கோவல்சிக். கவுன்டியின் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் போட்டோ எடுப்பவள். தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க, அடுத்தவங்க வாங்க. நாள் முழுக்க இதே மூன்று வாக்கியம். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய பர்ஸில் இருக்கும் மூஞ்சி அவள் எடுத்ததுதான். என்னுடையதையும் எடுத்தாள். போலீஸ் பிடித்த கையோடு எடுத்த மாதிரி இருக்கும். வேறு எடுக்கச் சொன்னேன். "இதுதான் நீ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவள் குதிரைக்கு வந்தது நாற்பது வயதுக்கு மேல். மகள் குதிரை வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்தாள். வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மகளுக்குக் கூடைப்பந்து ஆடும் பையன் ஒருவன் கிடைத்தான், குதிரை மிஞ்சியது. ஆர்லீன் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. மிஞ்சிய குதிரையில் தானே ஏறினாள், பிறகு இறங்கவே இல்லை. அந்தக் குதிரை போய்ச் சேர்ந்தபின் வந்தவன்தான் டர்னிப். போட்டிப் புத்தகத்தில் அவனுக்கு ராயல் டிஸ்க்ரெஷன் என்று ஒரு பெரிய பெயர் உண்டு. பழுப்பு நிறம், பெரிய வயிறு, எதற்கும் அவசரப்படாத முகம். அந்தப் பெரிய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

இவர்கள் போட்டியிடுவது ஹன்டர் பிரிவில். ஜம்பர் பிரிவில் தடையைத் தட்டாமல் வேகமாகத் தாண்டினால் போதும், கடிகாரம் முடிவு சொல்லிவிடும். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஹன்டர் அப்படி இல்லை. எட்டுத் தடைகளையும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரி, தூக்கத்தில் நடப்பது போலத் தாண்ட வேண்டும். நடுவர் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றக்கூடாது. யாருக்கு ஒன்றுமே நடக்கவில்லையோ அவருக்கு நீல ரிப்பன். இதற்காகத்தான் இவர்கள் வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வண்டி கட்டி, கோட்டு தைத்து, குதிரையின் பிடரி மயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதில் ஆர்லீனை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் தாண்டி முடித்ததும் ஒரு சடங்கு உண்டு. முதலில் வந்த குதிரை, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக நான் கூப்பிடுவேன். ஏறிய ஆள் இறங்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குதிரையோடு கூடவே ஓடி ரிங்கைச் சுற்ற வேண்டும். கால் சரியாக இருக்கிறதா என்று நடுவர் பார்ப்பார். கால் வலிக்கிற குதிரை அடிக்கு அடி தலையை ஆட்டும். நொண்டினால் அந்தக் குதிரை வெளியே. பின்னால் இருப்பவை ஒவ்வொரு படி ஏறிக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு லாயத்து ஆள் யாராவது ஓடிக் கொடுப்பார்கள். ஆர்லீன் யாரையும் விட்டதில்லை. "என் குதிரைய நானே கூட்டிட்டுப் போவேன்" என்பாள்.

ஏப்ரலில் முதல் போட்டி. ஆர்லீன் முதல் ஆளாக ஓடினாள். என் வாக்கி டாக்கியில் நடுவரின் குரல் வந்தது: "முதல் குதிரைக்கு நன்றி. அனுப்பிடுங்க." நடுவர் நன்றி சொன்னால் சோலி முடிந்தது என்று அர்த்தம். நான் போய்ச் சொன்னேன். அவள் டர்னிப்பின் கழுத்தைத் தட்டிவிட்டு நடந்தாள். மே மாதத்திலும் அப்படியே. ஜூனில் வேறு நடுவர், அவரும் நன்றி சொன்னார்.

அதற்கப்புறம் எல்லாரும் டாக்டர் ஆகிவிட்டார்கள்.

ஆர்லீனின் கோச் பெயர் கொரின் டெட்வைலர். நாற்பது வயது, நல்ல மனசு, தொண்டை மட்டும் ரயில்வே ஸ்டேஷன். கொரின் முதலில் லாடத்தை மாற்றினாள். பிறகு லாடத்துக்கு அடியில் மெத்தை வைத்தாள். பிறகு ஒரு ஆள் வந்து வைக்கோல் கட்டின்மேல் ஏறி நின்று டர்னிப்பின் முதுகெலும்பைச் சொடுக்கினான். காந்தம் வைத்த போர்வை ஒன்று வந்தது. பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பெண்மணி போனிலேயே குதிரையோடு பேசிவிட்டு, பக்கத்துக் கொட்டடியில் இருக்கும் சாம்பல் குதிரை அவனை அவமானப்படுத்துகிறது என்றாள். டர்னிப்பைக் கொட்டடி மாற்றினார்கள். கால்நடை டாக்டர் லாயத்துக்கே வந்து, வேலையாளை விட்டு ஓட்டச் சொல்லிப் பார்த்தார். குதிரை அழகாக ஓடினான். சேணம் போட்டு ஆள் ஏறினாலும் அழகாக ஓடினான். போட்டியில் ஆள் இறங்கிக் கூட ஓடினால் மட்டும் தலையைத் தலையை ஆட்டினான்.

"அவனுக்குப் போட்டின்னா பதற்றம்" என்றாள் கொரின். "வீட்ல வலிய மறைச்சுக்கிறான். இங்க மறைக்க முடியல. தைரியசாலிங்க அப்படித்தான்."

டர்னிப் அப்போது என் குடையைத் தின்றுகொண்டிருந்தான். எனக்கு ஒரு பதற்றமும் தெரியவில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

நீங்கள் கேட்பீர்கள், ஒருவர்கூடவா அந்தப் பெண்மணியைப் பார்க்கவில்லை என்று. பார்க்கவில்லை. குதிரை உலகத்து ஆட்கள் குதிரையைத்தான் பார்ப்பார்கள். ஒருவன் கை ஒடிந்து தரையில் கிடந்தால் எல்லாரும் ஓடுவார்கள், ஆனால் ஓடிப்போன குதிரையின் பின்னால். போதாக்குறைக்கு, ஐம்பது தாண்டிய எவனும் இங்கே நேராக நடப்பதில்லை. ஆளாளுக்கு எங்காவது விழுந்து எதையாவது முறித்துக்கொண்டவர்கள்தான். சனிக்கிழமை காலையில் காபிக் கடை வரிசையைப் பார்த்தால் ஏதோ சண்டையிலிருந்து திரும்பிய கூட்டம் என்று நினைப்பீர்கள். அதில் ஒரு ஆர்லீன் சாய்ந்து நடந்தால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்தது நான் நிற்கும் இடத்தால். நடுவர் ரிங்குக்கு அந்தப் பக்கம் பெட்டியில் உட்கார்ந்திருப்பார். குதிரையோடு ஓடுகிறவர் குதிரையின் இடப்பக்கம் ஓடுவார். நடுவர் பார்வையில் பெரிய பழுப்பு வயிறு ஒன்று, அதன் அடியில் ஒரு ஜோடி பூட்ஸ், மேலே ஆடும் தலை, அவ்வளவுதான். நான் வாசலில் நிற்பவன், எனக்கு எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். ஆகஸ்டில் ஒருநாள் இரண்டு முதுகையும் சேர்த்துப் பார்த்தேன். ஆர்லீனின் வலது இடுப்பு இறங்கியது, வலது கை கடிவாளத்தை ஒரு இழுப்பு இழுத்தது, டர்னிப்பின் தலை தாழ்ந்தது. மறுபடியும் இடுப்பு, கை, தலை. அந்தக் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. கூட வருகிறவளுக்குத் தோதாக நடந்துகொண்டிருந்தான்.

மத்தியானம் சர்ச் பெண்கள் போட்ட கடையில் பியரோகி, அதாவது வெங்காயம் வதக்கிப் போட்ட உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, வாங்கிக்கொண்டு அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஆர்லீன், நொண்டுறது நீ."

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"இங்க எவன் நொண்டல? நீகூடத்தான் வாத்து மாதிரி நடக்குற."

"நான் குதிரையக் கையில பிடிச்சுக்கிட்டு நொண்டல."

"வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதக்கியிருக்கலாம்" என்றாள்.

"ஆர்லீன்."

"இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சாம். மாத்தியாகணும்னு டாக்டர் சொல்றான். மாத்துனா அதோட குதிரைய மறந்துடணுமாம். நீச்சல் குளத்துல நின்னு கைய ஆட்டுற வகுப்பு ஒண்ணு இருக்காம், அங்க போகச் சொல்றான். எங்க அத்தை அங்கதான் போறா. எண்பத்தஞ்சு வயசு."

"எமிலுக்குத் தெரியுமா?"

எமில் அவள் கணவன். குழாய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லாப் போட்டிக்கும் குதிரையை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு வண்டி ஓட்டி வருவான். வந்ததும் மடக்கு நாற்காலியை விரித்து ரேடியோவில் பேஸ்பால் கேட்க உட்கார்ந்துவிடுவான். கல்யாணம் ஆன புதிதில் ஏதோ ஒரு குதிரை அவன் தொப்பியைத் தலையோடு சேர்த்துக் கடிக்கப் பார்த்தது. அன்றிலிருந்து கார் நீளம் தள்ளித்தான் நிற்பான்.

"தெரிஞ்சா டிரெய்லர வித்துட்டுப் படகு வாங்கிடுவான். போன தடவ நான் விழுந்தப்பவே விளம்பரம்லாம் எழுதி வெச்சிட்டான். நல்லாத்தான் எழுதியிருந்தான்."

 அவளே மேலே சொன்னாள்.

"நடந்தா வலிக்குது வென்டல். படுத்தாலும் வலிக்குது. அந்த ஆபீஸ் ஸ்டூல்ல உக்காந்தா உயிரே போகுது. அவன் முதுகுல ஏறுனா மட்டும் நின்னுடுது. ஏன்னு எனக்குத் தெரியாது. அவன் நடக்குறான், நான் நடக்குற மாதிரி இருக்கு. வாரத்துல எனக்கு இருக்கிறது அந்தக் கொஞ்ச நேரந்தான். அதையும் விடச் சொல்லாத."

"அவன் மேல பழி போடுறியே."

"என்ன பழி? லாடம் மாத்துறாங்க, முதுகு பிடிச்சு விடுறாங்க, காந்தப் போர்வை போத்துறாங்க. எனக்கு யாராவது போத்துறாங்களா?"

அது நியாயமாகத்தான் பட்டது. வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள், மூடிக்கொண்டேன். அந்த வாரம் அவளுக்கு ரிப்பன் இல்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த எட்டுத் தடைகள்தான்.

செப்டம்பரில் விஷயம் போர்வையோடு நிற்கவில்லை. டர்னிப்பின் வலது பின்னங்கால் மூட்டில் மயிரை மழித்து நீள ஊசி போட்டார்கள். ஒருமுறை போட்டுப் பலன் இல்லை என்று மறுபடி போட்டார்கள். போட்டியில் ஆர்லீன் அவனோடு ஓடினாள், அவன் தலையை ஆட்டினான், நடுவர் நன்றி சொன்னார். ஆர்லீனின் முகத்தில் எப்போதும் எதுவும் தெரியாது, அதுதான் அவள் தொழில். ஆனால் அன்றைக்கு அவள் அந்த மழித்த இடத்தைப் பார்க்காமலே குதிரையைக் கட்டினாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

பிறகு ஒருநாள் ஆர்லீன் என் பக்கத்தில் நின்றபோது கொரின் வாசலுக்கே வந்து சொன்னாள்.

"குதிரை ஆஸ்பத்திரியில பேசிட்டேன். கடைசிப் போட்டி முடிஞ்சதும் திங்கக்கிழமையே கொண்டாரச் சொல்லிட்டாங்க. மூட்டத் திறந்து பாத்துடுவோம். இனிமே அந்தப் பிள்ளைய வலியோட வெச்சிருக்க என்னால முடியாது, ஆர்லீன். எனக்குத் தூக்கமே வரல."

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. குதிரைக்கு மயக்கம் கொடுத்துப் படுக்கவைப்பது சின்ன விஷயம் இல்லை. வெட்டுவது டாக்டர் கையில் இருக்கிறது, எழுந்திருப்பது குதிரை கையில். மயக்கம் தெளியும்போது பயந்துபோய் அரைகுறையாக எழுந்து, நல்ல காலையே முறித்துக்கொண்ட குதிரைகள் எனக்குத் தெரியும். ஆர்லீனுக்கும் தெரியும். அந்தக் குதிரைகள் எதுவும் திரும்பி வரவில்லை.

"சரி" என்றாள் ஆர்லீன்.

கொரின் போனதும் நான் கேட்டேன். "என்ன சரி?"

"சொல்லிடுறேன்."

"எப்ப?"

"சொல்லிடுறேன்னு சொன்னேன்ல."

சொல்லவில்லை. கடைசிப் போட்டி நடக்கும் சனிக்கிழமை காலையில் அவள் வண்டியிலிருந்து இறங்கியதும் அவள் முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் சொல்லவில்லை என்று. டர்னிப்பைத் திங்கட்கிழமை கொண்டுபோவதற்காக டிரெய்லரில் புது வைக்கோல்கூடப் பரப்பி வைத்திருந்தான் எமில், பாவம்.

அன்று அவர்கள் தாண்டியது எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. குளிர் காற்று, மேப்பிள் மரங்கள் எல்லாம் சிவந்து கிடந்தன, பக்கத்து ரிங்கில் ஒரு மட்டக்குதிரை தன் மேல் இருந்த பெண்ணைப் பூச்செடிக்குள் இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியது. இந்த ரிங்கில் டர்னிப் ஒரு தடையைத் தாண்டினான், இன்னொன்றைத் தாண்டினான். எதுவும் நடக்கவில்லை. அவள் தோள் அசையவில்லை, அவன் காது அசையவில்லை. எட்டாவது தடை தாண்டி அவன் மெல்ல வட்டம் போட்டு வந்தபோது வேலி ஓரத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். என் வாழ்நாளில் ஒன்றுமே நடக்காததை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

நடுவர் வரிசையைச் சொன்னார். நான் கூப்பிட்டேன். முதலில் டர்னிப்.

ஆர்லீன் வாசலில் இறங்கினாள். சேணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பின்னால் மற்ற குதிரைகள் காத்திருந்தன.

"எமில், இங்க வா."

"ஒன்பதாவது இன்னிங்ஸ், ஆட்டம் முடியப்போகுது" என்றான் எமில்.

"வான்னா வா."

வந்தான். கார் நீளம் தள்ளி நின்றான்.

"இதப் பிடிச்சுக்கிட்டு அவனோட ஒரு சுத்து ஓடு."

"எத?"

"எமில்."

"கடிப்பான்."

"கடிக்கமாட்டான். கடிச்சாலும் ஓடு."

"நான் எதுக்கு? எப்பவும் நீதான?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

எமில் யோசித்தான். "நெறைய கேட்டிருக்க" என்றான். ஆனாலும் கடிவாளத்தை வாங்கிக்கொண்டான், சூடான பாத்திரத்தை வாங்குவது போல. காலில் செருப்பு. ரேடியோ சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது. கையை முடிந்தவரைக்கும் நீட்டி, உடம்பை முடிந்தவரைக்கும் தள்ளி வைத்துக்கொண்டு அவன் ஓட, டர்னிப் பக்கத்தில் ஓடினான். தலை அசையவே இல்லை. தாளம் தப்பாத ஓட்டம். கிளீவ்லாந்து அணி தோற்றுக்கொண்டிருக்கும் செய்தி மட்டும் ரிங்கைச் சுற்றி வந்தது.

வாக்கி டாக்கியில் நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லாவிட்டால் நல்லது. நீல ரிப்பனை டர்னிப்பின் கடிவாளத்தில் மாட்டினார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். அவள் முடித்துக்கொள்ளத்தான் நினைத்தாள் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஆனால் கொரின் பக்கத்து ரிங்கிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"பாத்தேன், பாத்தேன். ஊசி வேலை செஞ்சிருக்கு ஆர்லீன். மூட்டுக்குள்ளதான் கோளாறுன்னு இப்ப நிச்சயம் ஆயிடுச்சு. மருந்து எறங்கறதுக்குள்ள திறந்துடணும். நல்ல வேளை, திங்கக்கிழமைக்கே இடம் கிடைச்சது."

ஆர்லீன் கொரினைப் பார்த்தாள். எமிலைப் பார்த்தாள். எமில் கடிவாளத்தை இன்னும் அதே தூரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாசலத் திற, வென்டல்."

"அடுத்த பிரிவு தொடங்கணும்."

"திற."

திறந்தேன். அவள் உள்ளே போனாள், தனியாக. வலது கையைக் கடிவாளம் பிடிப்பது போல நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு, குதிரை இல்லாமல் ஓடத் தொடங்கினாள். அறுபது தாண்டிய பெண்மணி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், நீலக் கோட்டு, தலைக்கவசம். இடுப்பு இறங்கியது, கை இழுத்தது. இடுப்பு இறங்கியது, கை இழுத்தது. வலப்பக்கம் இப்போது மறைக்க ஒரு குதிரை இல்லை. வேலி ஓரம் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை, நொண்டுவது எதுவாக இருந்தாலும் அதைக் கண்கொட்டாமல் பார்க்கிற பழக்கம்.

என் வாக்கி டாக்கி கரகரத்தது. நடுவர் நாற்பது வருடமாகக் குதிரைக் கால்களைப் பார்த்தவர்.

"வலது பின்னங்கால்" என்றார்.

வேலி ஓரத்தில் ஒருவர், "இல்ல, மேலேர்ந்து வருது. இடுப்பு" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

ஆர்லீன் சுற்றை முடித்துவிட்டு வந்து கொரின் முன்னால் நின்றாள். பேச மூச்சு இல்லை. பேசவும் தேவைப்படவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றாள் கொரின்.

"ஏப்ரலுக்கு முன்னாலேர்ந்து."

"ஊசி போட்டமே ஆர்லீன். ரெண்டு தடவ போட்டோம்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"யாரும் என்னக் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்."

கொரின் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள், பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். எமில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். கடைசியில், "உனக்கா வலிக்குது?" என்று மட்டும் கேட்டான். அவள் ஆமாம் என்றாள். அவன் ரேடியோவை அணைத்தான். ஆட்டம் முடியாமல் எமில் ரேடியோவை அணைத்தது அன்றுதான்.

குளிர்காலத்தில் அவளுக்கு மூட்டு மாற்றினார்கள். டாக்டர் குதிரையே கூடாது என்றார். அவள் வேறு டாக்டரைத் தேடினாள். அந்த அம்மாளே குதிரை ஏறுகிறவளாம், அவசரப்படாமல் இருந்தால் ஏறலாம் என்று சொல்லிவிட்டாள். எப்போது ஏறுவாள், ஏறுவாளா என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. படகு இன்னும் வாங்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நான் கொடிக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு டிரெய்லர் பக்கம் போனேன். ஆர்லீன் டர்னிப்பின் பின்னங்கால் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மழித்த இடத்தில் மயிர் குட்டையாக முளைத்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். அவன் வைக்கோலை மென்றுகொண்டிருந்தான்.

"ஊசி போட்டப்பல்லாம் நான்தான் அவன் தலையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், வென்டல்" என்றாள். "பயந்து என் கோட்டுக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டான். ஒண்ணுமில்லடா, உனக்கு ஒண்ணுமில்லடான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அது பொய்கூட இல்ல. அவனுக்கு ஒண்ணுமே இல்ல."